‘நான் அங்கே இல்லை’: அடையாளம் காட்டுவதிலும் வேறிடத்தில் இருந்ததை நிரூபிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘இவரைத்தான் பார்த்தேன்’ என்று சாட்சி சொல்வதும், ‘அந்த நேரத்தில் நான் அங்கே இல்லவே இல்லை’ என்று எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சொல்வதும் ஒரே கேள்விக்கான இரண்டு பதில்கள். எந்தப் பதில் நிற்கும் என்பதைக் குறுக்கு விசாரணைதான் தீர்மானிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வழக்கு விசாரணைக்கு வருவதற்கு வெகு முன்பே, சம்பவம் நடந்த முதல் சில நாள்களில், அந்தப் பதில் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டிருக்கும் அல்லது கெடுக்கப்பட்டிருக்கும்.

முதல் தவறு தூரத்தைப் பற்றியது. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 9ஆவது பிரிவு, சென்னையில் நடந்த குற்றத்துக்கு எதிரி அன்று லடாக்கில் இருந்ததை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. கடலூர்க்காரர்களுக்கு அந்த வசதி கிடைப்பதில்லை. மஞ்சக்குப்பத்தில் இரவு ஏழரை மணிக்கு ஒரு கொலை நடந்ததாகவும், எதிரி அன்று மாலை ஆறு மணிக்குப் புதுச்சேரி நேரு வீதியில் துணி வாங்கிய ரசீதை நீட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். இடையில் இருப்பது ஏறத்தாழ 22 கிலோமீட்டர். பேருந்தில் ஏறினாலே ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். சம்பவ இடத்தில் இருந்திருக்கவே முடியாது என்னும் அளவுக்கு வேறிடத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று தூத்நாத் பாண்டே வழக்கில் 1981ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அளவுகோலில் ஆறு மணி ரசீது ஒன்றுக்கும் உதவாது. அதில் வாங்கியவர் பெயர்கூடப் பெரும்பாலும் இருக்காது. ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் காட்டும் மருத்துவமனைப் பதிவோ, பணியிடத்தின் வருகைப் பதிவோ, கேமராக் காட்சியோதான் தேவை. முதல் தகவல் அறிக்கையில் உள்ள நேரத்தை மட்டும் நம்பி வாதத்தைக் கட்டுவதும் ஆபத்தே. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் இறந்த நேரத்தைப் பல மணி நேர இடைவெளியாகச் சொல்லும்போது, அந்த இடைவெளி முழுவதற்கும் எதிரி கணக்குச் சொல்ல வேண்டி வரும்.

அதைவிடப் பெரிய இழப்பு கேமராக் காட்சிகளில் நேர்கிறது. கடைகளில் உள்ள சிசிடிவிக் கருவிகள் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துகொண்டு போகும் வகையைச் சேர்ந்தவை. ஜாமீன் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குடும்பத்தினர் காத்திருந்தால், போய்க் கேட்கும்போது காட்சி இருக்காது. வழக்கு கடலூரில், கேமரா புதுச்சேரியில் என்றால், எல்லை தாண்டி வந்து காவல் அதிகாரியே எடுத்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது, என் பார்வையில், வீண். காட்சியை அழிக்காமல் வைக்கும்படி கடைக்காரருக்கும், அதைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரிக்கும் உடனே எழுத்து மூலம் கோரி, ஒப்புகையை வைத்துக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றத்தை அணுகலாம். கிடைத்த காட்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருப்பது சாட்சியமாகிவிடாது. மின்னணுப் பதிவுக்குரிய சான்றிதழ் கட்டாயம் என்பதை அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இப்போது அது சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவில் இருக்கிறது. செல்பேசிக் கோபுரப் பதிவைப் பொறுத்தவரை, அது கைபேசி எங்கே இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். அது யார் கையில் இருந்தது என்பதை வேறு சாட்சியம்தான் சொல்ல வேண்டும்.

மனைவியும் மைத்துனரும் ‘வீட்டில்தான் இருந்தார்’ என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது முழு உண்மையன்று. எதிரித் தரப்புச் சாட்சிகளையும் அரசுத் தரப்புச் சாட்சிகளையும் சமமாகவே நடத்த வேண்டும் என்று அதே 1981ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொல்கிறது. உறவினர் சாட்சியத்தைக் கெடுப்பது உறவு அன்று, காலதாமதமே. கைதான அன்றும் சொல்லாமல், ஜாமீன் மனுவிலும் சொல்லாமல், அரசுத் தரப்புச் சாட்சிகளிடம் குறுக்கு விசாரணையிலும் கேட்காமல், சாட்சியங்கள் முடிந்தபின் நீதிபதி எதிரியைக் கேள்வி கேட்கும் கட்டத்தில் முதன்முறையாக ‘அன்று பாகூரில் இருந்தேன்’ என்றால், அது பிறகு யோசித்துச் சேர்த்ததாகவே கொள்ளப்படும்.

அடையாளம் காட்டும் பக்கத்தில் நடக்கும் தவறுகள் இதைவிட நுட்பமானவை, ஏனெனில் அங்கே தவறு செய்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. இங்கிலாந்தில் அடால்ஃப் பெக் என்பவரை மோசடிக்காரர் என்று பல பெண்கள் உறுதியாக அடையாளம் காட்டியதால் 1896ஆம் ஆண்டு அவர் சிறை சென்றார். 1877ஆம் ஆண்டு இதே பாணியில் மோசடி செய்து தண்டனை பெற்ற ஸ்மித் என்பவரும் அவரும் ஒருவரே என்று ஒரு காவலர் சத்தியம் செய்தார். ஆனால் 1877இல் பெக் பெரு நாட்டில் இருந்தார். அந்த வேறிடச் சான்றை வழக்கில் முன்வைக்க அவருக்கு வழிவிடப்படவில்லை. 1904ஆம் ஆண்டு மீண்டும் வேறு பெண்கள் அவரையே அடையாளம் காட்டினார்கள். உண்மையான ஆள் பிடிபட்ட பிறகே உண்மை தெரிந்தது. 1907ஆம் ஆண்டு அந்நாட்டில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உருவானதற்கு இவ்வழக்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே, சாட்சிகளின் எண்ணிக்கையையும் அவர்கள் காட்டும் உறுதியையும் பார்த்து மலைத்துப் போவது தவறு. எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், எத்தனை நொடி பார்த்தார்கள், முதல் வாக்குமூலத்தில் என்ன அங்க அடையாளம் சொன்னார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காட்டும் வழக்கில், கைதானவரின் படத்தைச் சாட்சியின் கைபேசியில் காட்டிவிட்டால், அதன்பின் கடலூரின் கேப்பர் மலைச் சிறையிலோ புதுச்சேரியின் காலாப்பட்டுச் சிறையிலோ குற்றவியல் நடுவர் முன்னிலையில், பலரை வரிசையில் நிறுத்திச் சாட்சியை ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு எவ்வளவு முறையாக நடந்தாலும், சாட்சி நினைவுகூர்வது சம்பவத்தையா படத்தையா என்று பிரித்தறிய முடியாது. அணிவகுப்புக்கு முன்பே சாட்சிகள் எதிரிகளைப் பார்க்க வாய்ப்பிருந்ததைச் சுட்டிக்காட்டி, கேரளாவைச் சேர்ந்த கிரீசன் நாயர் வழக்கில் 2022ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் எதிரிகளை விடுவித்தது. படமோ ஆளோ முன்பே காட்டப்பட்டிருந்தால், அதை ரிமாண்டின்போதே நடுவரிடம் சொல்லிப் பதிவுசெய்யச் சொல்ல வேண்டும். அணிவகுப்பு முடிந்து ஆட்சேபம் உண்டா என்று கேட்கும்போதும் மௌனமாக இருந்துவிடக் கூடாது. அணிவகுப்புக்கே வரமாட்டேன் என்று மறுப்பது உதவாது: எதிரி அப்படி மறுக்க முடியாது என்று 2023ஆம் ஆண்டு முகேஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அணிவகுப்பில் காட்டியதே குற்றத்துக்கு நிரூபணம் என்று நினைப்பதும் பிழை. நீதிமன்றத்தில் சாட்சி சத்தியம் செய்து காட்டுவதே மூலச் சாட்சியம். அணிவகுப்பு அதற்கு வலுச் சேர்ப்பது மட்டுமே. எதிரியை ஏற்கெனவே அறிந்த அண்டை வீட்டார் சாட்சி என்றால், அணிவகுப்பு நடத்தவில்லை என்ற வாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

வேறிடத்தில் இருந்ததை நிரூபிக்கும் சுமை, சாட்சிய அதினியத்தின் 106ஆவது பிரிவின்படி, அதைச் சொல்பவருடையது. ஆயினும் எதிரி சம்பவ இடத்தில் இருந்தார் என்பதை அரசுத் தரப்பு முதலில் நிறுவ வேண்டும். வேறிட வாதம் தோற்றுவிட்டதாலேயே குற்றம் நிரூபணமாகிவிடாது. இதை மறந்து, நம்பகமான சான்று இல்லாதபோதும் எதையாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று பொய்யான வேறிட வாதத்தைக் கிளப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நேரில் பார்த்தவர் இல்லாமல் சந்தர்ப்ப சாட்சியங்களை நம்பி நடக்கும் வழக்கில், சாட்சியச் சங்கிலியின் மற்றக் கண்ணிகள் நிரூபணமாகியிருந்தால், அந்தப் பொய் கூடுதலான ஒரு கண்ணியாகச் சேர்ந்துவிடக்கூடும் என்பதை 1984ஆம் ஆண்டின் சரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பிலிருந்து அறியலாம். உண்மையான சான்று கையில் இருப்பவர்களும், அதை வைத்து உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்துவிடலாம் என்று தொடக்கத்திலேயே ஓடுவதில் பயனில்லை. வேறிட வாதம் விசாரணையில் சாட்சியங்களைக் கொண்டு தீர்க்கப்பட வேண்டியது என்று ராஜேந்திர சிங் வழக்கில் 2007ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.