இரவு நேரச் சோதனை: எனக்கு உதவியது இதுதான்

இரவில் போனில் ஆபாசம் பார்க்கத் தூண்டும் சோதனையோடு நின்று வாதாடினால் தோற்றுத்தான் போவோம். பல மாதம் அப்படித் தோற்றேன். பாலியத்துக்குரிய இச்சைகளை எதிர்த்து நில் என்று வேதத்தில் 2 தீமோத்தேயு 2:22 சொல்லவில்லை, விலகியோடு என்கிறது. போத்திபாரின் மனைவி பாவத்துக்கு இழுத்தபோது யோசேப்பும் கடைசியில் வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான்.

விழுந்ததெல்லாம் இரவு 11 மணிக்கு மேல், தனியாக, படுக்கையில், கையில் போனோடு. ஆகவே மாற்ற வேண்டியது அந்த நேரத்தையும் இடத்தையும்தான். 10 மணிக்கே போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிடுங்கள். எழுந்திருக்கத் தனியாக ஓர் அலாரம் கடிகாரம் கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் "அலாரத்துக்காக" என்று இரண்டே நாளில் போன் தலையணைக்கடியில் வந்துவிடும். தவறான தளங்களைத் தடுக்கும் ஆப்பின் பாஸ்வேர்டு நம் கையில் இருந்தால் அது பூட்டே அல்ல. சபையில் நம்பகமான மூத்த அண்ணன் ஒருவரே அதைப் போட்டு வைத்திருக்கட்டும். பெண்பிள்ளைகள் ஓர் அக்காவிடம் கேட்கலாம்.

வனாந்தரத்தில் பிசாசு சோதித்தபோது இயேசு மூன்று முறையும் உபாகமப் புத்தகத்தின் வசனங்களிலிருந்தே பதில் சொன்னார். சோதனை வந்தபின் வசனம் தேட முடியாது. சோதனையோடு தப்பிக்கும் வழியையும் தேவன் தருவார் என்று சொல்லும் 1 கொரிந்தியர் 10:13ஐ முன்பே மனப்பாடம் செய்து, அந்த நேரத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

விழுந்துவிட்டால், வெட்கத்தில் நாலைந்து நாள் ஜெபத்தை விட்டுவிடுகிறோமே, அதுதான் பெரிய சேதம். அன்றிரவே தேவனிடம் பாவத்தை அறிக்கை செய்யுங்கள் (1 யோவான் 1:9). காலையில் அந்த அண்ணனுக்கு ஒரு வரி: "நேற்று விழுந்துட்டேன், ஜெபிச்சுக்கோங்க அண்ணா."