பற்றரியைக் குடித்தது யார்?

சம்மாந்துறை வயலில் ஓடும் எங்கள் உழவு இயந்திரத்தை இரவு நிறுத்தினால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. "புதுப் பற்றரி போடுங்கள் தம்பி" என்றார் கடைக்காரர். அவருக்கு அதுதானே வியாபாரம்!

சார்ஜ் ஏற்றினால் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14. இரண்டும் சரியான அளவு; எனவே பற்றரியைச் சந்தேகிக்கவில்லை. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயருக்கும் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை (மின்சாரத்தை அளக்கும் கருவி) 10 அம்பியர் அளவில் இணைத்தேன். (அந்த நேரம் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.) எல்லாம் அணைந்திருந்தும் 3 அம்பியர் மின்சாரம் ஓடுவதாகக் காட்டியது! ஃபியூஸ்களைப் பிடுங்கியும் குறையவில்லை. பற்றரியை விலக்கி, ஆல்டர்னேட்டரின் (எஞ்சின் ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) தடித்த வயரைக் கழற்றி மீண்டும் அளந்தபோது பூச்சியம்.

விடியற்காலையில் எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்க, ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது: உள்ளே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடவேண்டிய டயோட் பின்னோக்கிக் கசிகிறது. கல்முனையில் டயோட்களை மாற்றினோம். பழைய பற்றரிதான் இந்தப் போகத்திலும் ஓடுகிறது.