முதல் உயிர்தகவலியல் பயிலரங்கு: எட்டு வாரத் திட்டம்

பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் 24 பேர், இரண்டு நாள், பாக்டீரியாவின் டிஎன்ஏ வரிசையில் மரபணு மாற்றங்களைக் கணினி மூலம் கண்டுபிடிப்பது. முதன்முறை நடத்துபவர்களுக்கு இந்த அளவு போதும். இதைவிடப் பெரிதாக ஆசைப்பட்டால் முதல் நாள் காலை முழுக்க மென்பொருளை இன்ஸ்டால் செய்வதிலேயே கரைந்துவிடும்.

எட்டு வாரம் முன்: பதிவுப் படிவம்

கட்டளை வரி என்பது எழுத்தில் கட்டளை தட்டச்சு செய்து கணினியை இயக்கும் முறை. "கட்டளை வரி தெரியுமா?" என்று கேட்காதீர்கள். "கொஞ்சம் தெரியும்" என்றுதான் பதில் வரும். "ஒரு ஃபோல்டரில் உள்ள 50 கோப்புகளில் மொத்தம் எத்தனை வரிகள் என்று எப்படி எண்ணுவீர்கள்?" என்று கேளுங்கள். பதிலிலேயே ஆளின் நிலை தெரிந்துவிடும். லேப்டாப் விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஆறு வாரம் முன்: தரவு

மனிதத் தரவு வேண்டாம். மனித மரபணுத்தொகுதி சுமார் 310 கோடி எழுத்து. அதற்கு ஆர்என்ஏ வரிசைகளை மரபணுத்தொகுதியோடு பொருத்தும் ஸ்டார் மென்பொருளை ஓட்ட ஒருவருக்கே ஏறக்குறைய 30 ஜிபி ரேம் வேண்டும். ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்குச் சுமார் 46 லட்சம் எழுத்துதான். பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் 12 ஈ. கோலை கூட்டங்களுடன் தொடங்கிய பரிணாமச் சோதனையின் தரவு பொதுவெளியில் கிடைக்கிறது. ஆய்வாளர்களுக்குத் தரவுத் திறன் கற்பிக்கும் டேட்டா கார்ப்பென்ட்ரி அமைப்பின் இலவசப் பாடமும் அதையே பயன்படுத்துகிறது: 5,000, 15,000, 50,000ஆம் தலைமுறை மாதிரிகள். தலைமுறை ஏற ஏற மாற்றங்கள் கூடுவதை மாணவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்ப்பார்கள். அதனால்தான் இந்தத் தரவை இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

கோப்புகளை முழுதாகக் கொடுக்காமல் ஒரு சிறு பகுதியை வெட்டிக் கொடுங்கள். வகுப்பில் ஆளுக்கு 1 ஜிபி இறக்கச் சொன்னால் 24 ஜிபி. 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். எல்லாவற்றையும் முன்கூட்டியே சர்வரில் போட்டுவிடுங்கள். மூலத் தரவு ஃபோல்டரில் எழுதும் உரிமை யாருக்கும் இருக்கக் கூடாது. படிக்கும் கோப்பின் பெயரையே > குறிக்குப் (கட்டளையின் விடையைக் கோப்பில் எழுதவைக்கும் குறி) பின்னாலும் கொடுத்துவிட்டால், படிப்பதற்கு முன்பே கோப்பு காலியாகிவிடும். புதியவர்கள் கட்டாயம் ஒருமுறையாவது இதைச் செய்வார்கள்.

நான்கு வாரம் முன்: சர்வர்

பயோகோண்டா (உயிர்தகவலியல் மென்பொருட்களை நிறுவ உதவும் களஞ்சியம்) தொகுப்புகள் நேரடியாக விண்டோஸில் ஓடாது. எனவே எல்லோரும் ஒரே லினக்ஸ் சர்வரில் நுழைவதே நல்லது. ஆளுக்கு 2 கோர் (செயலியின் கணக்கிடும் அலகு), 4 ஜிபி ரேம் என்றால் மொத்தம் 48 கோர், 96 ஜிபி. வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்லர்ம் மென்பொருள் உள்ள கிளஸ்டர் (பல கணினிகளின் தொகுப்பு) என்றால் அந்த இரண்டு நாளுக்கும் கோர்களை ஒதுக்கிவைக்கக் கேளுங்கள்; இல்லையேல் மாணவர்களின் வேலை மற்றவர்களின் வரிசைக்குப் பின்னால் நிற்கும்.

பயிலரங்கு நடக்கும் அதே அறையில், அதே வைஃபையிலிருந்து சர்வரில் நுழைந்து பாருங்கள். அறையிலுள்ள அனைவரும் பெரும்பாலும் ஒரே ஐபி முகவரியில்தான் வெளியே தெரிவார்கள். நான்கைந்து பேர் கடவுச்சொல்லைத் தவறாக அடித்தால் பாதுகாப்பு மென்பொருள் முழு அறையையும் அடைத்துவிடும். அந்த முகவரிக்கு விலக்கு தரும்படி நிர்வாகியிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

ஒரு வாரம் முன்

ஒரு மணி நேர நுழைவுச் சோதனை. சர்வரில் நுழைந்து ஒரு கட்டளையை ஓட்டி, வந்த விடையை அனுப்பியவருக்கே இடம் உறுதி.

இரண்டு நாட்கள்

முதல் நாள் காலை கட்டளை வரி; மதியம் வரிசைத் தரவின் தரத்தைச் சோதிக்கும் ஃபாஸ்ட்கியூசி, தரம் குறைந்த பகுதிகளை வெட்டுதல். மறுநாள் காலை பிடபிள்யூஏ (வரிசைகளை மரபணுத்தொகுதியோடு பொருத்த), சாம்டூல்ஸ் (பொருத்திய கோப்பைக் கையாள), பிசிஎஃப்டூல்ஸ் (மாற்றங்களைக் கண்டுபிடிக்க). பிசிஎஃப்டூல்ஸ் தானாக இரட்டை மடங்கு (மனிதருக்குப் போல ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இரண்டு நகல்) என்று எடுத்துக்கொள்ளும். பாக்டீரியாவுக்கு ப்ளாய்டி (நகல் எண்ணிக்கை) 1 என்று கொடுக்க மறக்காதீர்கள். மதியம் மாணவர்களின் சொந்தத் தரவு.

ஸ்லைடு காட்டாமல் திரையில் தட்டச்சு செய்துகொண்டே கற்பியுங்கள். அப்போதுதான் வேகம் மாணவர்களின் வேகத்துக்கு இறங்கும். ஆளுக்கு இரண்டு நிற ஒட்டுச்சீட்டு: முடிந்தால் பச்சை, சிக்கினால் சிவப்பு. எட்டுப் பேருக்கு ஓர் உதவியாளர், ஆக மூவர். அவர்கள் மாணவரின் கீபோர்டைத் தொடவே கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும்.

அடிக்கடி வரும் சிக்கல் இரண்டு. ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் கட்டளை அதை இரண்டு பெயராகப் படிக்கும். விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட்டில் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக இருக்கும். டாஸ்2யூனிக்ஸ் கட்டளை அதை நீக்கும்.

ஒவ்வொரு படியின் விடைக்கோப்பையும் தனி ஃபோல்டரில் தயாராக வைத்திருங்கள். பின்தங்கியவர் அதை நகலெடுத்து அடுத்த படியில் சேர்ந்துகொள்வார்.