மான்ட்கோமரிஷயர் வரலாறு: மாறிப்போகும் ஆட்கள், மாறிப்போகும் ஊர்கள்

வேல்ஸின் நடுவே, இங்கிலாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கும் மலைநாடு மான்ட்கோமரிஷயர். ஆடு மேய்ச்சல், சிற்றூர்கள், ஒரு காலத்தில் கம்பளித் துணி நெய்த சில டவுன்கள். இவ்வளவு சின்ன நாட்டின் வரலாற்றில் என்ன குழப்பம் வரப்போகிறது என்று தோன்றும். வருகிறது, அதுவும் பெரும்பாலும் ஒரே வகையில்: ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே பெயருள்ள இருவர் ஒருவராகிவிடுகிறார்கள், ஒரே மாதிரி கதையுள்ள இரண்டு ஊர்கள் ஓர் ஊராகிவிடுகின்றன.

நம்மையும் தொடுகிற ஒன்றிலிருந்து தொடங்கலாம். வெல்ஷ்பூல் ஊருக்குப் பக்கத்தில் செந்நிறக் கல்லால் கட்டிய பொவிஸ் கோட்டை இருக்கிறது. திப்பு சுல்தானின் கூடாரமும் அவருடைய சிம்மாசனத்தை அலங்கரித்த பொன் புலித்தலைகளில் ஒன்றும் அங்கேதான் உள்ளன. உடனே "ராபர்ட் கிளைவின் கோட்டை" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ராபர்ட் கிளைவ் பிறந்தது பக்கத்து ஷ்ராப்ஷயரில். அவர் 1774இல் இறந்தார். திப்பு வீழ்ந்தது 1799இல். கணக்கு உதைக்கிறது அல்லவா?

இங்கே வருகிறவர் ராபர்ட்டின் மகன் எட்வர்டு கிளைவ். 1784இல் அவர் பொவிஸ் கோட்டைக் குடும்பத்தின் ஹென்ரியேட்டா ஹெர்பர்ட்டை மணந்தார். 1798 முதல் 1803 வரை சென்னையில் ஆளுநராக இருந்தார். 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனும், 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டபோது சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த ஆளுநர் இவர்தான். அப்பாவின் பெயர் நம் பள்ளிப் பாடத்தில் பதிந்த அளவுக்கு மகனின் பெயர் பதியவில்லை, அதனால் எல்லாம் அப்பா கணக்கில் ஏறிவிடுகிறது. ஹென்ரியேட்டா 1800இல் மகள்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணம், தஞ்சாவூர் என்று தென்னிந்தியாவைச் சுற்றினார். பொவிஸில் உள்ள சேகரிப்பில் இந்தத் தம்பதியின் பங்கு கணிசமானது. 1801இல் ஹென்ரியேட்டாவின் அண்ணன் பிள்ளையில்லாமல் இறந்ததால் குடும்பச் சொத்து ஹென்ரியேட்டாவின் மகனுக்குப் போனது, 1804இல் எர்ல் ஆஃப் பொவிஸ் பட்டம் எட்வர்டுக்குக் கிடைத்தது. கிளைவ் பெயரும் பொவிஸ் கோட்டையும் சேர்ந்தது இந்தக் கல்யாணத்தால்தான், பிளாசிப் போரால் அன்று.

அடுத்த குழப்பம் எல்லைக்கோடு. மான்ட்கோமரிஷயர் என்ற கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு) 1536ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. 1974இல் அது ராட்னர்ஷயர், பிரெக்னாக்‌ஷயரின் பெரும்பகுதி ஆகியவற்றோடு சேர்ந்து பொவிஸ் என்ற பெரிய கவுன்ட்டியானது. இடைக்காலத்தில் பொவிஸ் என்று ஓர் அரசும் இருந்தது, அதன் எல்லை வேறு. ஆக, ஒரு குறிப்பில் பொவிஸ் என்று வந்தால் எந்தப் பொவிஸ் என்று கேட்காமல் தாண்டக் கூடாது.

ஓவைன் கிளின்டூர் விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து எழுந்த அவர் 1404இல் மஹன்ஹ்லெத் ஊரில் பாராளுமன்றம் கூட்டினார். ஊர் பின்னாளில் மான்ட்கோமரிஷயருக்குள் வந்தது, சரி. அதனால் அவருடைய சிகார்த் மாளிகையும் மான்ட்கோமரிஷயர்தான் என்று எழுதுகிறார்கள், அதுதான் தப்பு. சிகார்த் இருக்கும் ஹ்லான்சிலின் பகுதி டென்பிஷயரைச் சேர்ந்தது. 1996இல் எல்லையை மாற்றியபோதுதான் பொவிஸுக்கு வந்தது. இன்றைய வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பழைய ஆவணத்தைத் தேடப் போனால் தப்பான அலமாரியில்தான் கை வைப்போம். போகிற போக்கில் இன்னொன்று: மஹன்ஹ்லெத்தில் பாராளுமன்ற மாளிகை என்று காட்டப்படும் கல் கட்டடம் அந்தக் கூட்டத்துக்குப் பிந்தியது. நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், 1404ஆம் ஆண்டுச் சுவர் என்று மட்டும் தலைப்பிட வேண்டாம்.

பெயர்க் குழப்பத்துக்கு வேல்ஸில் பஞ்சமே இல்லை. ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், ஓவன் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களிலேயே பாதி நாடு அடங்கிவிடும். ஹ்லாண்டினாம் ஊர் டேவிட் டேவிஸை எடுத்துக்கொள்ளுங்கள். மரம் அறுக்கும் தொழிலாளியாகத் தொடங்கி, ரயில்பாதை போட்டு, ரோண்டா பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டி, 1889இல் திறந்த பேரி துறைமுகம் வரை கட்டியவர். 1890இல் இறந்தார். பிறகு 1906 முதல் 1929 வரை மான்ட்கோமரிஷயரின் எம்.பி.யாக ஒரு டேவிட் டேவிஸ் இருக்கிறார். அவர் பேரன். தாத்தாவும் எம்.பி.யாக இருந்தவர்தான், ஆனால் கார்டிகன் பக்கத்துத் தொகுதியில். மோனே, ரெனுவார் ஓவியங்களை வாங்கிக் குவித்துக் கார்டிஃப் தேசிய அருங்காட்சியகத்துக்கு விட்டுச் சென்ற க்வென்டலின், மார்கரெட் இருவரும் பேரனின் தங்கைகள். தாத்தாவின் மகள்கள் என்று எழுதினால் ஒரு தலைமுறையே காணாமல் போய்விடும்.

ஒரே ஆளே இரண்டு பெயரில் வருவதும் உண்டு. நியூடவுனில் தபால் வழித் துணி வியாபாரத்தைப் பெரிதாக நடத்திய ப்ரைஸ் ஜோன்ஸ், 1887இல் சர் பட்டம் பெற்ற பிறகுதான் ப்ரைஸ் ப்ரைஸ்-ஜோன்ஸ் ஆனார். அதற்கு முந்தைய பதிவுகளில் இரட்டைப் பெயரில் தேடினால் ஆள் சிக்கமாட்டார்.

அதே ஊர்க்காரர் ராபர்ட் ஓவன். கூட்டுறவு என்றாலே நினைவுக்கு வரும் பெயர். அவர் 1771இல் நியூடவுனில் பிறந்தார், 1858இல் நியூடவுனில் இறந்தார். இரண்டுக்கும் நடுவே இருந்த வாழ்க்கையையும் அந்த ஊருக்கே எழுதிவைத்துவிடுகிறார்கள். பத்து வயதில் ஊரை விட்டவர் அவர். பேர் வாங்கித் தந்த நியூ லனார்க் ஆலை ஸ்காட்லாந்தில் இருக்கிறது. 1844இல் தொடங்கிய ராச்டேல் கூட்டுறவுக் கடையும் அவர் திறந்ததன்று, அவருடைய கருத்துகளைக் கேட்டு வளர்ந்த தொழிலாளர்கள் தாங்களே தொடங்கியது.

தேதிகளில் மார்ச் 25ஐ மறக்க வேண்டாம். 1752 வரை அங்கே சட்டப்படி புத்தாண்டு பிறந்தது அன்றைக்குத்தான். மான்ட்கோமரியில் பிறந்த கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் நம் கணக்கில் 1633 மார்ச் தொடக்கத்தில் இறந்தார், ஆனால் அவரை அடக்கம் செய்த பதிவேட்டில் இருப்பது 1632. ஒன்று பிழை என்று நினைத்துத் திருத்தப் போனால் சரியாக இருந்ததைக் கெடுத்துவிடுவோம்.

மூழ்கிய ஊர்களில்தான் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. லிவர்பூல் நகரத்துக்குக் குடிநீர் வேண்டி வேல்ஸ் கிராமங்கள் மூழ்கியது ஒரு தடவை அன்று, இரண்டு தடவை. முதலாவது மான்ட்கோமரிஷயரின் ஹ்லான்வுதின். 1881இல் கல் அணை கட்டத் தொடங்கி 1888இல் முடித்தார்கள், அதன் பின்னால் வெர்ன்வி ஏரி நிரம்பியது. கோயில், இரண்டு சேப்பல், மூன்று மதுக்கடை, வீடுகள் எல்லாம் இடிக்கப்பட்டன. கல்லறைகளில் இருந்தவர்களைத் தோண்டியெடுத்து, லிவர்பூல் மாநகராட்சி மேட்டில் கட்டிக்கொடுத்த புதிய கோயிலின் அருகே மறுபடி புதைத்தார்கள். இரண்டாவது 1965இல், மெரியனத்‌ஷயரின் காப்பெல் கெலின். ட்ரவெரின் பள்ளத்தாக்கில் நடந்த இதற்கு வெல்ஷ் எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆனாலும் சட்டம் நிறைவேறியது. வெல்ஷ் தேசிய உணர்வைக் கிளப்பிவிட்டது இந்த இரண்டாவதுதான். வெர்ன்வியின் அழகான கோபுரப் படத்தைப் போட்டு ட்ரவெரின் போராட்டக் கதையை எழுதுவது எண்பது வருடத்தை விழுங்கும் வேலை. பக்கத்து ராட்னர்ஷயரின் ஈலான் அணைகளையும் சிலர் இதில் சேர்த்துவிடுகிறார்கள், அந்தத் தண்ணீர் போனது பர்மிங்ஹாமுக்கு.

கடைசிக் குழப்பம் கொஞ்சம் நுட்பமானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. ஆன் கிரிஃபித்ஸ் என்ற பக்திக் கவிஞர் 1776இல் டோல்வர் வாஹ் என்ற பண்ணையில் பிறந்தார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாமல், பிரசவத்துக்குப் பின் 1805இல் இறந்தார், வயது 29. வெல்ஷ் பாடல் மரபில் அவருக்கு மிக உயர்ந்த இடம் உண்டு. அவர் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்திருப்பதோ ஒரு கடிதம், அதற்குள் ஒரே ஒரு பாடல் சரணம். மற்றப் பாடல்களெல்லாம் ரூத் எவன்ஸ் மனப்பாடமாக வைத்திருந்தவை. ரூத் அந்தப் பண்ணையில் வேலை பார்த்த பெண், எழுத்து வராதவர். அவர் சொல்லச் சொல்ல, ரூத்தின் கணவர் ஜான் ஹியூஸ் எழுதிக்கொண்டார். 1806இல் அச்சேறியபோது பதிப்பாளர் சொற்களை மாற்றவும் செய்தார். ஆகவே "ஆன் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்" என்று அடித்துச் சொல்வதற்கு முன்னால், ரூத்தின் நினைவு, ஜானின் பேனா, அச்சகத்தின் திருத்தம் மூன்றையும் தாண்ட வேண்டியிருக்கிறது. பல கட்டுரைகளில் ரூத்துக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால் பாதித் தலைப்பே அவருக்குப் போக வேண்டும்.

சரி, இதையெல்லாம் எங்கே சரிபார்ப்பது? அபரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் 1919 வரையிலான பழைய செய்தித்தாள்களையும், 1858க்கு முந்தைய உயில்களையும் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. வெல்ஷ் வாழ்க்கை வரலாற்று அகராதியும் அப்படியே. மக்கள்தொகைக் கணக்கில் 1841ஆம் ஆண்டுத் தாளைப் பார்க்கும்போது மட்டும் உஷார்: பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். பிறந்த இடத்துக்கும் "இதே கவுன்ட்டியா, ஆமா இல்லையா" என்ற கேள்வியும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வெளிநாடு என்றால் அதைக் குறிக்க ஒரு கட்டமும் மட்டும்தான். எல்லையோரப் பண்ணைக்காரர் ஷ்ராப்ஷயரில் பிறந்தாரா, டென்பிஷயரிலா என்று தெரிய வேண்டுமானால், ஊரும் கவுன்ட்டியும் எழுதப்பட்ட 1851ஆம் ஆண்டுத் தாளுக்குப் போங்கள்.