ஓவியம் பார்க்கப் பழகுவது எப்படி: ஒரே படம், பத்து நிமிடம்

முதன்முதலாக ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனபோது, படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த குறிப்புகளை ஒன்றுவிடாமல் படித்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து யோசித்தால் ஒரு படம்கூட நினைவில் இல்லை. படித்திருக்கிறேன், பார்க்கவில்லை. "எனக்கெல்லாம் மாடர்ன் ஆர்ட் புரியாதுங்க" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் சிக்கல் என்பது என் எண்ணம். அர்த்தம் தேடும் அவசரத்தில் கண்ணுக்கு வேலையே கொடுப்பதில்லை.

பழகுவதற்கு ஒரே ஒரு படம் போதும். யான் வான் எய்க் 1434-ல் வரைந்த அர்னால்ஃபினி தம்பதி ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அவர்கள் இணையதளத்தில் நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: குறிப்பை மறையுங்கள்

படத்தைப் பற்றிய எழுத்து எதுவும் கண்ணில் படக் கூடாது. போனில் பத்து நிமிடம் டைமர் வையுங்கள். மூன்றாவது நிமிடத்தில் சலிப்புத் தட்டும். தாக்குப்பிடியுங்கள், நல்ல சங்கதியெல்லாம் அதற்குப் பிறகுதான் தென்படும்.

படி 2: தெரிவதை மட்டும் சொல்லுங்கள்

வாய்விட்டே சொல்லுங்கள். ஓர் ஆண், ஒரு பெண். காலடியில் சின்ன நாய். கழற்றிப்போட்ட கட்டைச் செருப்பு. ஜன்னலோரம் ஆரஞ்சுப் பழம். மேலே தொங்கும் பித்தளை விளக்கில் எரிவது ஒரே ஒரு மெழுகுவர்த்தி, அதுவும் பகல் வெளிச்சத்தில்.

பட்டியலில் "கர்ப்பிணிப் பெண்" என்று சேர்த்திருந்தால் அதை அடித்துவிடுங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் இதில் விழுவார்கள், நானும் விழுந்தேன். உண்மையில் தெரிவது என்ன? பச்சை அங்கியின் துணியை வயிற்றருகே அள்ளிப் பிடித்திருக்கும் ஒரு கை. அந்தக் காலத்து வசதியான பெண்களின் உடை தரையில் புரளும். தூக்கிப் பிடித்தால்தான் நடக்கவே முடியும். துணியைப் பிடித்திருக்கிறாள் என்பது பார்த்தது. கர்ப்பிணி என்பது நாமாகச் சேர்த்தது. இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டால் மற்ற படிகள் எளிது.

படி 3: கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்

விவரங்கள் மங்கி, வெளிச்சமும் இருட்டும் திட்டுத்திட்டாகத் தெரியும். இடப்பக்க ஜன்னலிலிருந்து ஒளி, வலப்பக்கம் சிவப்புக் கட்டில், நடுவில் கோத்த கைகள். கைகளிலிருந்து கண் தானாக மேலே ஏறிச் சுவரில் இருக்கும் வட்டக் கண்ணாடியில் போய் நிற்கும். ஓவியர் போட்டு வைத்த பாதை அது.

படி 4: ஓர் இடத்தை நெருங்குங்கள்

அந்தக் கண்ணாடியையே பெரிதாக்குங்கள். அது ஒரு குவி ஆடி, அதாவது வெளிப்பக்கமாகப் புடைத்த கண்ணாடி. அறை முழுவதும் வளைந்து உள்ளே அடங்கியிருக்கிறது. தம்பதியின் முதுகு தெரிகிறது; அவர்களுக்கும் அப்பால் வாசலில் இன்னும் இருவர். அதாவது நாம் நிற்கும் இடத்தில் யாரோ நிற்கிறார்கள்! சட்டத்தைச் சுற்றிப் பத்துச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றிலும் கிறிஸ்துவின் பாடுகளிலிருந்து, அதாவது அவருடைய கடைசி நாட்களின் துன்பங்களிலிருந்து ஒரு காட்சி. கண்ணாடிக்கு மேலே லத்தீனில் ஒரு வரி: "யான் வான் எய்க் இங்கே இருந்தார், 1434".

இத்தனையும் 82 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலமுள்ள ஓக் பலகையில். எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும் என்பதால் மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்று பூச முடியும். பித்தளையின் மினுமினுப்பு அப்படி வந்ததுதான். அளவை எப்போதும் கவனியுங்கள். பிக்காஸோவின் குவெர்னிகா ஏறக்குறைய 3.5 மீட்டர் உயரம், 7.8 மீட்டர் அகலம். போன் திரையில் இரண்டு படமும் ஒரே அளவாகத் தெரிவது பெரிய ஏமாற்று.

படி 5: இப்போது "ஏன்" என்று கேளுங்கள்

ஏன் ஒரே மெழுகுவர்த்தி? ஏன் சுவரில் கையெழுத்து? உங்களுக்குத் தோன்றும் பதிலை எழுதுங்கள். ஒரே நிபந்தனை: படத்தில் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும்.

படி 6: கடைசியில் குறிப்பைப் படியுங்கள்

1934-ல் எர்வின் பனோஃப்ஸ்கி என்ற கலை வரலாற்றாளர், இது ஒரு திருமணத்துக்கான சாட்சி ஆவணம் என்றார். சுவரில் உள்ள வரி சாட்சிக் கையெழுத்து என்பது அவர் வாதம். பின்னால் வந்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆக, நிபுணர் சொன்னதும் ஒரு வாசிப்புதான்.

தலைப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ரெம்பிராண்ட் 1642-ல் முடித்த 'இரவுக் காவல்' இரவுக் காட்சியே அல்ல. மேலே பூசிய வார்னிஷ் கறுத்துப்போன பிறகு மற்றவர்கள் வைத்த பெயர் அது.

படி 7: மூடிவிட்டு வரையுங்கள்

படத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து ஒரு தாளில் கிறுக்குங்கள். குச்சி மனிதர்கள் போதும். பிறகு ஒப்பிடுங்கள். என் கிறுக்கலில் நாய் இருந்தது, செருப்பு இருந்தது, கோத்த கைகளும் இருந்தன. ஆனால் அந்த ஆண் வலது கையால் பிடித்திருப்பதாக வரைந்திருந்தேன். படத்தில் அவர் பிடித்திருப்பது இடது கையால். திருமணம் என்றால் வலது கைகளை அல்லவா சேர்த்திருக்க வேண்டும் என்பதுதான், பனோஃப்ஸ்கியை மறுப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று.