கார் நடவு: நீர்வண்ணத்தில் ஒரு நிலக்காட்சியும் அதன் தலைப்பும்

நிலக்காட்சி வரைய உட்காரும்போதே தற்காலிகமாக ஒரு தலைப்பைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று அதுதான் சொல்லும். அம்பாசமுத்திரம் பக்கத்து ஜூன் மாத வயலை எடுத்துக்கொள்வோம்: முன்னால் தண்ணீர் கட்டிய நடவு வயல், நடுவே தென்னை வரிசை, பின்னால் மேகம் கவிந்த பொதிகை மலை. ‘கார் நடவு’ (கார் பருவ நெல் நடவு) என்று எழுதினால் தொடுவானத்தை மேலே ஏற்றி, தாளில் முக்கால்வாசியை வயலுக்குக் கொடுக்க வேண்டும். ‘மலையில் சாரல்’ என்றால் தொடுவானம் கீழே இறங்கும். வயலுக்கு நாலு தீற்றல் போதும். இரண்டுக்கும் ஆசைப்பட்டால் கோடு நடுவில் விழுந்து படம் இரண்டாகப் பிளக்கும்.

மலை மேற்கே இருப்பதால் காலை வெயிலில் அதன் மடிப்புகள் எல்லாம் தெரியும். மாலையில் அது ஒரே நீல நிழலாகிவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மாலைதான் நல்லது.

தாள் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கோல்ட் பிரஸ், அதாவது லேசான சொரசொரப்புள்ள வகை, இருக்கட்டும். மெல்லிய தாள் நனைந்ததும் அலையலையாக வளையும், பள்ளங்களில் வண்ணம் தேங்கும். நாலு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பலகையின் மேல்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்துங்கள்.

முதலில் வானம். அகலப் பிரஷ்ஷால் தாளை நனைத்து, அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்த சாம்பல் நிறத்தை விடுங்கள். வெள்ளை மேகத்துக்குத் தாளையே விட்டுவைக்க வேண்டும். காய்ந்தால் நிறம் வெளிறும் என்பதால் ஒரு படி அடர்த்தியாகவே போடுங்கள். பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த நிமிடத்தில்தான்: தாளின் பளபளப்பு மங்கியபின் ஈரம் அதிகமான பிரஷ்ஷை வைத்தால், புதுத் தண்ணீர் பாதி காய்ந்த நிறமியை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் போல ஒரு கறை விழும். பளபளப்பு போய்விட்டால் கையை எடுத்துவிடுங்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சி இருந்தால் இன்னும் காயவில்லை.

காய்ந்தபின் மலை: நீர்த்த அல்ட்ராமரைன், அடிவிளிம்பைச் சுத்தத் தண்ணீரால் கரைத்தால் மூட்டம் வந்துவிடும். தென்னைக்குச் சாப் கிரீனை டியூபிலிருந்து அப்படியே எடுத்தால் பச்சை கண்ணை உறுத்தும், கொஞ்சம் பர்ன்ட் சியன்னா சேருங்கள். வயல் தண்ணீருக்கு வானத்தின் மிச்சச் சாம்பலே பொருத்தம், அதனால் பேலட்டைக் கழுவிவிடாதீர்கள். நாற்றுகள் கடைசியில்: தொலைவில் புள்ளிகள், கிட்டத்தில் கீற்றுகள். எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் போட்டால் வயல் படுக்காது, சுவராக எழுந்து நிற்கும்.

படம் முடிந்ததும் தலைப்பை மறுபடி பாருங்கள். ‘அமைதி’, ‘இயற்கையின் எழில்’ போன்றவை எந்தப் படத்துக்கும் ஒட்டும்; அதனாலேயே வேண்டாம். இன்று ‘வைக்கோல் வண்டி’ என்று அறியப்படும் ஓவியத்தை ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821இல் ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்றுதான் காட்சிக்கு வைத்தார், வெளிச்சம் எந்த நேரத்தது என்று பார்ப்பவருக்குச் சொல்ல அது போதும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1874இல் பாரிஸ் கண்காட்சி ஒன்றில், பிரான்சின் லே ஆவ்ர் துறைமுகப் படத்துக்கு ஊர்ப்பெயர் வைக்காமல் ‘மனப்பதிவு, சூரிய உதயம்’ என்றார். மூட்டத்தில் ஊரே அடையாளம் தெரியாத படத்துக்கு அது நேர்மையான பெயர். ‘கார் நடவு’ என்று தொடங்கிய படத்தில் மலைதான் கண்ணை இழுக்கிறது என்றால், வயலில் மேலும் வண்ணம் ஏற்றாமல் தலைப்பை மாற்றுங்கள்.

தலைப்பு, ஊர், மாதம் மூன்றையும் தாளின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்க வானத்தில் வரியாகத் தெரியும்.