ஜெர்மனிக்கு வரும் ஜூனியருக்கு வழிகாட்டுவது எப்படி?

வின்டர் செமஸ்டர் அக்டோபரில்தான், ஆனால் ஆகஸ்டிலேயே "அண்ணா, நானும் உங்க யுனிவர்சிட்டிக்குத்தான் வர்றேன்" என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் வர ஆரம்பித்துவிடும். இங்கே இரண்டு செமஸ்டர் ஓட்டியிருந்தால் போதும், நீங்கள் தாராளமாக வழிகாட்டலாம். ஒருவர், மிஞ்சினால் இருவர். அதற்குமேல் ஏற்காதீர்கள்.

முதல் படி, அவர் கிளம்பும் முன் ஒரு வீடியோ கால். பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். விசாவுக்காக ப்ளாக்டு அக்கவுண்ட்டில், அதாவது மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், ஒரு வருடச் செலவுக்குப் போட்ட 11,904 யூரோ மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும், அறைக்கோ மூன்று மாத வாடகை வரை முன்பணம் கேட்பார்கள், அதனால் தனியாகக் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினால் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பாலும் பிரெட்டும் வாங்கி வைத்துவிடுங்கள்.

அடுத்தது அன்மெல்டுங். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சான்று அவசியம். கூடப் போங்கள், ஆனால் படிவத்தை அவரே நிரப்பட்டும். எனக்கு எல்லாவற்றையும் ஒரு சீனியர் அக்கா பாசத்தோடு செய்து கொடுத்தார், அப்புறம் விசா நீட்டிப்புக்குத் தனியாகப் போனபோது எந்தக் காகிதம் எதற்கு என்றே தெரியாமல் விழித்தேன்.

மூன்றாவது, தேர்வுப் பதிவு. இதை இரண்டு முறையாவது சொல்லுங்கள். நம் ஊரில் பரீட்சைக்குக் கல்லூரியே தேதி சொல்லி, ஃபீஸ் கட்டச் சொல்லி விரட்டும், இங்கே வகுப்புக்குத் தினமும் போனாலும் ஒவ்வொரு தேர்வுக்கும் நாமே போர்ட்டலில் பதிய வேண்டும், கெடு தாண்டினால் பெரும்பாலும் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான். பல இடங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சிதான் என்பதையும் மறைக்காதீர்கள்.

சரி, இனிதான் முக்கியமான கட்டம். வந்த புதிதில் எல்லாரும் சமாளித்துவிடுவார்கள். நவம்பர் கடைசியில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், அப்போதுதான் போன் செய்ய வேண்டும். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்ணா" என்றுதான் பதில் வரும், அதனால் "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?" என்று கேளுங்கள். மூன்று நாளாக நூடுல்ஸ் என்றால் வீட்டுக்குக் கூப்பிட்டு ரசம் சாதம் போடுங்கள். தூக்கமே இல்லை, வகுப்புக்கும் போகவில்லை என்றால் அது ரசத்தில் தீராது. மாணவர் நல அமைப்பான ஸ்டுடியரெண்டன்வெர்க் பல ஊர்களில் மனநல ஆலோசனை தருகிறது, பேசுவது வெளியே போகாது. நேரம் வாங்கித் தந்து, முதல் நாள் மட்டும் நீங்களும் கூடப் போய் வெளியே உட்கார்ந்திருங்கள்.